ஓதற்பிரிவு

படிப்பது குற்றமாகுமா என்று ஓர் ஆசிரியனே கேட்டால் கேட்போர் நகைப்பர். கல்வியின் பெருமையைச் சொல்லிச் சொல்லியே முப்பது ஆண்டுகளாக ஊதியம் பெற்றுவருபவன் நான். 'எதை விற்றாயினும் பிள்ளையைப் படிக்க வையுங்கள்' என்று தோட்டத்துப் பெற்றோரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், பிறர்க்குக் கடமைப்பட்ட ஒருவன், அக்கடமைக்குரிய பொழுதிலிருந்து கிள்ளியெடுத்துத் தான் கற்பது அறமாகுமா என்னும் வினா சில ஆண்டுகளாக என்னை விட்டு அகலவில்லை. அதை என்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் என் நண்பராகிய ஒரு கிறித்தவப் போதகர்.

அவர் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. கோலசிலாங்கூர் தொடங்கிப் பெஸ்தாரி ஜெயா வரையிலுள்ள தோட்டப்புறங்களில் சிதறிக் கிடக்கும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அவரே போதகர். பெஸ்தாரி ஜெயா என்றால் இளைஞர்க்கு விளங்கும். 2007இல் பெயர் மாறிய அவ்வூர் என் வயதினர்க்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அதன் அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் அமைத்தார். செம்பனைக்குப் புகழ்பெற்ற இடத்திற்குத் தென்னையின் பெயர் வாய்த்தது ஒரு விந்தை. அவர் நாவலாசிரியருங்கூட, மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சு நாட்டின் கொங்கூர் பரிசைப் பெற்றது. ஆனால் அது வெளிவந்தபோது அவர் தோட்டத்தில் இல்லை, துனீசியாவில் குடியேறியிருந்தார். தோட்டத்து வேலையும் எழுத்து வேலையும் ஓரிடத்தில் ஒத்துவாரா போலும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என் நண்பருக்கோ எங்கும் போய்க் குடியேற வழியில்லை. அவர் பால்மரம் சீவிய தாயின் மகன். விவிலிய ஆய்வில் முனைவர் பட்டத்திற்குப் பகுதிநேர மாணவராகப் பதிந்துகொண்டபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மனைவியார் பாலர் பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். முழுநேரம் படிப்பவர் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிப்பதைப் பகுதிநேரத்தார் முடிக்க ஆறேழு ஆண்டுகளேனும் ஆகும். அந்த ஆண்டுகளில் எபிரேயம் வேண்டும், கிரேக்கம் வேண்டும், பிறர் எழுதிய ஆராய்ச்சிகளைப் படிக்கச் செருமானியமும் ஓரளவு வேண்டும். நல்ல நூலகத்திற்கு அவர் சிரம்பான் போகவேண்டும். 1979இல் தொடங்கப்பெற்ற மலேசிய இறையியல் கல்லூரி இப்போது அங்கேதான் இருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து போக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணிநேரம் படிப்பார். 'என் தாயார் பெரட்டுக்குக் கிளம்ப எழுந்த நேரம், ஐயா. அதனால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை' என்று ஒருமுறை சொன்னார்.

நான் சைவன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு சொல். எபிரேயத்தில் 'கேர்' என்று ஒரு சொல் உண்டாம். தன் மண்ணை விட்டு வந்து, வேறொரு மக்களிடையே, தனக்கென நிலமின்றி, அவர்தம் ஆதரவை நம்பி நிலையாகத் தங்கிவிட்டவனைக் குறிப்பது அது. 'நொக்ரி' என்பவன் வேறு. அவன் அயல்நாட்டான், வணிகத்துக்கோ வேறு அலுவலுக்கோ வந்து போகிறவன். உபாகமம் என்னும் நூலின் சட்டங்களில் இந்தக் 'கேர்' பெறும் இடத்தை ஆராய்வதே நண்பரின் ஆய்வேடு. அறுவடையின்போது வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அவனுக்கும் தகப்பனில்லாத பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது அந்நூல். அவன் கூலி வேலை செய்தால் பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'கேர்' சில இடத்தில் 'பரதேசி' ஆகிறான். சில இடத்தில் 'அந்நியன்' ஆகிறான். நொக்ரியும் அந்நியன்தான். இருவரையும் வேறுபடுத்தும் நல்ல தமிழ்ச் சொல் எது என்று கேட்டுத்தான் அவர் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்.

'குடியேறி' என்றேன், 'புலம்பெயர்ந்தார்' என்றேன். பின்னது பட்டினப்பாலைக் காலத்திலேயே உள்ள சொல்லாட்சி. 'வந்தேறி' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அச்சொல் இந்நாட்டில் நம்மீது எறியப்படும்போது எப்படி வலிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. இரவு பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த இரவு அவருடைய பிள்ளைகளுக்கு உரியது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வழிபாட்டில் அவர் இந்தக் 'கேர்' பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி அவரிடம் வந்து, 'அந்தச் சனங்களுக்கும் சிவப்பு அட்டைதானா, பாஸ்டரய்யா?' என்று கேட்டாராம். பிறந்தது இம்மண்ணிலேயே, ஆயினும் பிறப்புப் பத்திரம் இல்லாமையால் வாழ்நாளெல்லாம் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர் அவர். குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டும் என்று 1969ஐ ஒட்டி விதி வந்தபோது, இந்நாட்டுத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இந்தியாவிற்குக் கப்பலேறினர். அவருடைய தமக்கை குடும்பமும் அப்படிப் போனதுதான். அவ்வினாவைக் கேட்டு வந்த நண்பர் அன்றிரவே தம் ஆய்வின் மூன்றாம் இயலைத் திருத்தி எழுதத் தொடங்கினார். சட்டம் ஒருவனைப் பாதுகாப்பதும் அவனைத் தன்னவன் என்று எழுதிக்கொள்வதும் ஒன்றல்ல. உபாகமம் முன்னதைச் செய்கிறது, பின்னதைச் செய்கிறதா? நூலகங்கள் கேளாத இக்கேள்வியை ஒரு பால்மரத் தொழிலாளி கேட்டார்.

இதுவரை கேட்போர், கல்வி மக்களுக்குப் பயன்பட்டது, மக்களும் கல்விக்குப் பயன்பட்டனர், இதில் அறச்சிக்கல் எங்கே என்பர். நானும் அப்படித்தான் மகிழ்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு அந்த மூதாட்டி நோயுற்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போதகரைக் கூப்பிடச் சொன்னார். நண்பர் அன்று சிரம்பானில், நூலகத்தில், கைப்பேசியை அணைத்துவைத்துவிட்டு அமர்ந்திருந்தார். மாலை அதைத் திறந்தபோது பதினொரு அழைப்புகள். அவர் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சபை மூப்பர் ஒருவர் தமக்குத் தெரிந்த வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரின் கேள்வியில் பிறந்த இயலுக்கு அடிக்குறிப்பு தேடித்தான் அவர் அன்று போயிருந்தார்.

யாரும் அவரை ஒரு சொல் குறை கூறவில்லை. மூத்த மகன் நாற்காலி எடுத்துப் போட்டு, 'படிக்கப் போனீங்க, என்ன செய்றது? பரவாயில்லை, பாஸ்டர்' என்றாராம். அச்சொல்தான் தம்மை வெட்டிற்று என்றார் நண்பர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தோட்டத்து மக்கள் படிப்புக்காக எதையும் பொறுப்பர். படிக்கும் பிள்ளைக்கு வீட்டு வேலை இல்லை. படிக்கும் பிள்ளைக்கு முதற்சோறு. படிக்கிறவன் தங்கையின் திருமணத்துக்கு வராவிட்டாலும் குற்றமில்லை. தமக்குக் கிட்டாத ஒன்றின்மீது அவர்கள் வைத்த மதிப்பு அது. அதனை நாம் பலகாலும் போற்றிப் பேசியிருக்கிறோம். ஆனால் கேளாமலே கிடைக்கும் பொறுமை ஒரு கடன். கொடுத்தவர் கணக்கு வைப்பதில்லை என்பதால் வாங்கியவனும் கணக்கு வைப்பதில்லை. குடித்துவிட்டு வராமற்போன போதகரை அந்த மகன் வாசலிலேயே நிறுத்தியிருப்பார். கற்கச் சென்றதால் வராமற்போனவருக்கு நாற்காலி கிடைத்தது. இறந்தவருக்கு இவ்விரண்டிலும் என்ன வேற்றுமை?

படிப்பை விட்டுவிடப் போவதாக அவர் என்னிடம் வந்து சொன்னார். நான் உடனே தடுத்தேன். இத்தனை ஆண்டு உழைப்பு வீணாகிவிடுமே என்றேன். சொன்ன பிறகு, அது எவ்வளவு பொய்யான வாதம் என்று உணர்ந்தேன். கடன் பெருகிவிட்டது, ஆகவே மேலும் கடன் வாங்கு என்று சொல்வது போன்றதுதான் அது. பிறகு பட்டத்தின்மீதுள்ள ஆசையை நொந்துகொண்டார். டாக்டர் என்று அழைக்கப்படும் விருப்பம் தமக்குள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. அதை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. செருக்கு ஒரு துளியும் இல்லாமல் நல்ல காரியம் செய்தவர் எத்தனை பேர்? அவருடைய சிக்கல் அதுவன்று.

சிக்கல் எது என்பதை எனக்கு விளங்கவைத்தவர் அவருடைய மனைவியார். தேநீர் கொண்டுவந்து வைத்தவர், வழக்கத்துக்கு மாறாக அங்கேயே அமர்ந்தார். 'வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருந்தால் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன், ஐயா. பிள்ளைகளிடமும் சொல்லியிருப்பேன். இவர் வீட்டிலேயே இருக்கிறார். நான் எந்த நாளை எண்ணுவது?'

அன்றிரவு தொல்காப்பியத்தை எடுத்தேன். பயிற்சிக் கல்லூரியில் தேர்வுக்காக உருப்போட்ட பகுதிதான். அகத்திணையியலில் ஓதல், பகை, தூது என்று பிரிவுக்குரிய காரணங்கள் வரும். அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றும் வரும். கற்றற்பொருட்டுத் தலைவன் தலைவியைப் பிரிவதை இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கற்பியலில் அதற்கு ஓர் எல்லையும் வைத்தார் தொல்காப்பியர்: கல்விக்கான காலம் மூன்று ஆண்டைக் கடத்தலாகாது. உரையாசிரியர் அந்நூற்பாவை எவ்வாறு விரித்தாலும் மூன்று ஆண்டு என்னும் எல்லை மூலத்திலேயே நிற்கிறது. நாங்கள் மாணவராக இருந்தபோது, ஏன் மூன்று, ஏன் நான்கன்று என்று விளையாட்டாகக் கேட்டோம். விரிவுரையாளரும் சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். எண்ணைவிட எல்லை என ஒன்று இருப்பதே அங்கே பெரிது என்று இப்போது தோன்றுகிறது. பிரிவு இன்னதற்கு, இன்ன காலம்வரை என்று அறிவிக்கப்பட்டால் இருப்பவள் ஆற்றியிருக்க முடியும், வருந்தவும் முடியும், காலம் கடந்தால் சினக்கவும் உரிமை உண்டு. முல்லைத்திணையின் உயிரே குறித்த பருவம் என்னும் அந்தக் கெடுதானே!

பகுதிநேரக் கல்வி என்பது தொல்காப்பியர் அறியாத பிரிவு. புறப்பாடு இல்லாததால் வரவும் இல்லை. உடல் சோற்றுத்தட்டின்முன் இருக்கிறது. உள்ளம் எபிரேய வினைத்திரிபில் கிடக்கிறது. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து நீ என்னைப் பிரிந்துவிட்டாய் என்று மனைவி சொன்னால் உலகம் அவளைத்தான் பழிக்கும்.

கற்றுயர்ந்தோர் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது இப்பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். தனிநாயகம் அடிகளைச் சொல்வோம், சொல்லவேண்டியவரே. உரோமில் இறையியலில் முனைவரானவர், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராக இருந்துகொண்டு பண்டிதர் ஒருவரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்றார். இலண்டனில் இன்னொரு முனைவர் பட்டம் பெற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். ஆனால் அவர் துறவி. அவர் விளக்கு எரிந்த இரவுகளில் பக்கத்து அறையில் காய்ச்சலில் அழும் குழந்தை இல்லை. அவரை எடுத்துக்காட்டி இல்லறத்தானை நாணச் செய்வது முறையன்று.

கால்டுவெல்லே நம் வினாவுக்கு நெருங்கியவர். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் அமர்ந்தவர். 1844இல் எலிசா மால்ட் அம்மையாரை மணந்து பிள்ளைகளைப் பெற்றவர். தேரிக்காட்டு மக்களிடையே சமயப்பணி செய்துகொண்டே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி 1856இல் வெளியிட்டவர். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர். சாலொமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யே என்று அவர் எடுத்துக்காட்டியதை வகுப்பில் சொன்னால் இன்றும் பிள்ளைகளின் கண்கள் விரியும். அவர் எழுதிக்கொண்டிருந்த வேளையில் இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் யார்? அவர்களுக்குப் பின்னல்வேலை கற்பித்துப் பிழைக்க வழி செய்தவர் யார்? எலிசா அம்மையாரே. நாகர்கோயிலில் சமயப்பணியாளர் குடும்பத்தில் பிறந்து, தமிழ் கேட்டே வளர்ந்தவர் அவர். ஒப்பிலக்கணத்தின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்களோடு வாழ்ந்து எழுதினால் மட்டும் எழுத்து தூயதாகிவிடாது. கால்டுவெல் 1849இல் தம் பணிக்களத்து மக்களைப் பற்றி எழுதிய நூல் அம்மக்களின் மனத்தையே புண்படுத்தியது. பார்க்கப்படுகிறவரிடம் கேளாமல் பார்ப்பதும் கேளாமல் வாங்கும் கடன்களில் ஒன்றுதான்.

பிறரைப் பேசிவிட்டு என்னை மறைப்பது நேர்மையாகாது. பட்டயத்தோடு பணியில் சேர்ந்த நான், பின்னாளில் வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் வகுப்பு நடக்கும் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள். வீட்டைப் பற்றிச் சொல்ல என் மனைவிக்கே உரிமை. பள்ளியைப் பற்றி நான் சொல்கிறேன். இறுதியாண்டில் நான் ஆறாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழாசிரியன். பழைய பயிற்சித்தாள்களைப் பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டு மேசையில் என் கட்டுரைக்குத் திருத்தம் போடுவேன். வகுப்பில் ஒரு பையன், அடக்கமானவன், பக்கத்திலிருப்பவன் எழுதுவதை எழுதிவிடுவான். அவனுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது என்பது எனக்கு ஆண்டு முடிவில்தான் தெரிந்தது. நான் எழுதிய கட்டுரையின் தலைப்பு தொடக்கப்பள்ளி மாணவரின் வாசிப்புத் திறன் பற்றியது. நல்ல புள்ளி கிடைத்தது, சம்பளமும் உயர்ந்தது. அவன் இப்போது ஈஜோக்கில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறான். என் வண்டியைக் கண்டால் ஓடிவந்து, 'வணக்கம் சார்' என்பான். பற்றுச்சீட்டை முதலாளிதான் எழுதிக் கொடுப்பார்.

ஆகவே படிக்காதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கற்பதை நிறுத்திய ஆசிரியனையும் போதகனையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்யும் தீங்கு இதனினும் மெல்லியது, இதனினும் நீண்டது. வள்ளுவர் இல்வாழ்க்கையை அறத்துப்பாலில் ஐந்தாம் அதிகாரமாக வைத்தார். கல்வியைப் பொருட்பாலில் நாற்பதாம் அதிகாரமாக வைத்தார். இரண்டும் ஒரே இரவில் ஒரே மனிதனைக் கேட்கும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதற்கு அதிகாரம் இல்லை. அதை அந்த வீட்டார் கூடித்தான் முடிவு செய்யவேண்டும். கூடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் தனியே முடிவெடுத்துவிட்டுப் பிறகு நன்றியுரையில் மனைவி மக்களின் பெயரைச் சேர்க்கிறோம்.

இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். போவதாக இருந்தால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வரும் நாளையும் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். அவர் முதலில் மனைவியாரிடம் சொன்னார். அது மூன்று நாள் பேச்சு; அதில் எனக்கு இடமில்லை. பிறகு சபையில் எழுந்து நின்றார். மூதாட்டி இறந்த நாளில் தாம் எங்கிருந்தார், எதற்காகப் போயிருந்தார் என்பதை மறையாமல் சொன்னார். இன்னும் இரண்டு ஆண்டுகள் செவ்வாயும் புதனும் தாம் வர இயலாது, அந்நாள்களில் இன்ன மூப்பரை அழைக்க வேண்டும், இரண்டு ஆண்டில் முடியாவிட்டால் முடிந்தவரை போதும் என்று நிறுத்திவிடுவேன், உங்களுக்கு இது ஒப்பவில்லையானால் இன்றே நிறுத்துகிறேன் என்றார்.

நான் அன்று பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு இறந்தவரின் மூத்த மகன் எழுந்தார். செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் இரவு நோயாளிக்கு வண்டி வேண்டுமானால் யாரைக் கேட்பது என்று கேட்டார். அதற்கு விடை இல்லை. அரைமணிநேரம் அதையே பேசினார்கள். லாரி வைத்திருக்கும் ஒருவர் முன்வந்தார். இன்னொரு பெண்மணி, புதன்கிழமைப் பிள்ளைகள் வகுப்பை நிறுத்தக்கூடாது, அதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன் என்றார். நண்பர் புதனை விட்டுக்கொடுத்து வியாழனை எடுத்துக்கொண்டார். முதன்முறையாக ஒருவர் அவருக்கு 'இல்லை' என்று சொன்னார். அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன்.

அந்த அட்டவணை இப்போது வழிபாட்டுக் கூடத்தில் தண்ணீர்க் கட்டண அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் வீட்டுச் சமையலறையிலும் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. மாதம் முடிந்ததும் சின்ன மகள் சிவப்பு மையால் கோடு போடுகிறாள். 'கேர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் அகப்படவில்லை. கெடு முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன.